சவுண்ட் கார்டு போட்டால் கேம் வேகமாக ஓடுமா?

கேமிங்குக்கென்று கணினி அசெம்பிள் செய்கிறவர்களுக்குக் கடைசி நேரத்தில் ஒரு சபலம் தட்டும். பிராசசர், கிராஃபிக்ஸ் கார்டு, ரேம், எஸ்.எஸ்.டி. எல்லாம் முடிவாகிவிட்டன. கையில் சில ஆயிரம் ரூபாய் மிச்சம். மதர்போர்டில் ஒரு சின்ன ஸ்லாட் காலியாக இருக்கிறது. அதில் ஒரு சவுண்ட் கார்டைச் செருகிவிட்டால் என்ன? ஒலி வேலையை அந்தக் கார்டு பார்த்துக்கொள்ளும், பிராசசருக்குச் சுமை குறையும், கேமில் ஃப்ரேம் ஏறும் என்று கணக்குப் போடுவார்கள். கடைக்காரர்களிலும் சிலர் அதையே சொல்வார்கள்.

இந்தக் கணக்கு இன்று தப்பு. இப்போதைய கணினியில் எவ்வளவு விலையுயர்ந்த சவுண்ட் கார்டு போட்டாலும் கேமின் வேகம் கண்ணுக்குத் தெரியும் அளவில் கூடாது. ஆனால் இதை வெறும் கட்டுக்கதை என்று ஒதுக்கவும் முடியாது. சுமார் பதினைந்து வருட காலம் இது முழு உண்மையாக இருந்தது. அந்த உண்மை எப்படிக் காலாவதியானது என்று தெரிந்துகொண்டால், கையில் மிஞ்சிய பணத்தை எதில் போடலாம் என்பதும் தெளிவாகிவிடும்.

முதலில், ஒரே ஒரு துப்பாக்கிச் சத்தம் நம் காதுக்கு வந்து சேரும் வழியைப் பார்ப்போம். கேமில் உங்கள் இடப்பக்கச் சுவருக்கு அப்பால் எதிரி ஒருவன் சுடுகிறான். அந்த வெடிச் சத்தம் சுருக்கப்பட்ட ஒரு கோப்பாக ரேமில் கிடக்கிறது. அதை முதலில் விரிக்க வேண்டும். எதிரி நிற்கும் தூரத்தைப் பார்த்து ஒலியளவைத் தணிக்க வேண்டும். நடுவில் சுவர் இருப்பதால் ஒலியின் கூர்மையான பகுதியை, அதாவது உயர் அதிர்வெண்களை, மழுக்க வேண்டும். பக்கத்து வீட்டு டிவி சத்தம் சுவர் தாண்டி மொத்தையாகக் கேட்பது இதனால்தான். நீங்கள் நிற்பது கான்கிரீட் கிடங்கா, புல்வெளியா என்பதைப் பொறுத்து எதிரொலி சேர்க்க வேண்டும். இடக் காதுக்கு ஒரு கணம் முந்தியும் வலக் காதுக்கு ஒரு கணம் பிந்தியும் ஒலியைப் பிரித்துத் தர வேண்டும். இவ்வளவும் ஒரு சத்தத்துக்கு. அதே நொடியில் உங்கள் காலடி, கூட்டாளியின் குரல், மழை, ஹெலிகாப்டர், பின்னணி இசை என்று இன்னும் ஐம்பது, நூறு சத்தங்கள் வரிசையில் காத்திருக்கும். எல்லாவற்றையும் கூட்டி இரண்டு தடங்களாக்க வேண்டும். இதைத்தான் மிக்ஸிங் என்கிறார்கள்.

இது மொத்தமும் எண்களின் வேலை. கணினிக்குள் ஒலி என்பது ஒவ்வொரு தடத்துக்கும் நொடிக்கு 48,000 எண்கள் கொண்ட ஒரு வரிசை. விண்டோஸ் அதைப் பெரும்பாலும் 10 மில்லிநொடிக்கு ஒரு கட்டாக, 480 எண்களாக, அனுப்பிக்கொண்டே இருக்கிறது. கடைசிக் கட்டத்தில்தான் அந்த எண்கள் ஒரு சிப்புக்குப் போய் மின்னழுத்தமாக மாறுகின்றன. அந்தச் சிப்பை டி.ஏ.சி. என்பார்கள். அதிலிருந்து வரும் மெல்லிய மின்சாரத்தை ஓர் ஆம்ப்ளிஃபயர் பெருக்கி ஹெட்போனுக்குக் கொடுக்கும்.

ஆக, வேலை இரண்டு. எண்களைக் கணக்கிடுவது ஒன்று. அந்த எண்களை மின்சாரமாக்குவது இன்னொன்று. சவுண்ட் கார்டு இவ்விரண்டில் எதைச் செய்கிறது என்பது காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. குழப்பம் தொடங்குவதே அங்கேதான்.

1981-இல் வந்த ஐ.பி.எம். பி.சி.யில் ஒலிக்கென்று இருந்தது ஒரு சிறு ஸ்பீக்கர். 'பீப்' என்று கத்தும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க முடியாது. 1987-இல் கனடாவின் கியூபெக் மாகாணத்திலிருந்து ஆட்லிப் என்ற கார்டு வந்தது. அதிலிருந்த யமஹா சிப் ஒரே நேரத்தில் ஒன்பது குரல்களை எழுப்பக்கூடியது. இன்ன சுரம், இன்ன வாத்தியம் என்று பிராசசர் கட்டளை கொடுத்தால் போதும், ஒலியலையை அந்தச் சிப்பே உருவாக்கிக்கொள்ளும். இரண்டு வருடம் கழித்து, சிங்கப்பூரில் சிம் வோங் ஹூ நடத்திவந்த கிரியேட்டிவ் டெக்னாலஜி நிறுவனம் சவுண்ட் பிளாஸ்டரைக் கொண்டுவந்தது. ஆட்லிப் செய்த எல்லாவற்றையும் அது செய்தது. கூடவே பதிவு செய்த குரலையும் வெடிச் சத்தத்தையும் ஒலித்துக் காட்டியது. ஜாய்ஸ்டிக் செருகவும் இடம் வைத்திருந்தார்கள். கேம் ஆடுகிறவருக்கு வேண்டியதெல்லாம் ஒரே கார்டில் கிடைத்ததும் சந்தை அதன் பக்கம் சாய்ந்துவிட்டது.

அந்தக் காலத்து பிராசசருக்கு ஒலி எவ்வளவு பெரிய சுமை என்பதற்கு 1993-இல் வந்த டூம் நல்ல உதாரணம். அதன் சத்தங்கள் நொடிக்கு 11,025 எண்கள் என்ற வீதத்தில் பதிவானவை. ஒரே நேரத்தில் எட்டுச் சத்தம் என்றால் நொடிக்கு 88,200 எண்கள். ஓர் எண்ணை எடுத்து, அளவு மாற்றி, கூட்டிச் சேர்க்கத் தோராயமாக 20 துடிப்புகள் என்று வைத்தால் பதினேழரை லட்சம் துடிப்புகள். 33 மெகாஹெர்ட்ஸ் 386 பிராசசரிடம் நொடிக்கு இருப்பதே 3.3 கோடி துடிப்புகள்தான். சத்தத்துக்கு மட்டும் ஐந்து சதவீதத்துக்கும் மேல் போகிறது. படத்தை வரையவே அந்த பிராசசர் மூச்சுத் திணறிக்கொண்டிருந்த காலம் அது. டூமைச் சத்தமில்லாமல் தொடங்குவதற்கென்றே ஒரு தனிக் கட்டளை வைத்திருந்தார்கள். இசையையும் பிராசசரே உருவாக்க வேண்டியிருந்தால் கேம் நகர்ந்திருக்காது. அந்தச் சுமையை யமஹா சிப் தோளில் வாங்கிக்கொண்டது. 1992-இல் வந்த கிராவிஸ் அல்ட்ராசவுண்ட் கார்டு இன்னும் ஒரு படி மேலே போய், 32 சத்தங்கள் வரை தானே கலந்து கொடுத்தது.

இந்த ஓட்டம் 1990-களின் கடைசியில் உச்சத்தைத் தொட்டது. ஒலிக்கு முப்பரிமாணம் வந்த காலம் அது. அமெரிக்காவின் நாசா ஏம்ஸ் ஆய்வு மையத்துக்காக ஒலியைத் திசையோடு கேட்கவைக்கும் கருவியை உருவாக்கிய கிரிஸ்டல் ரிவர் இன்ஜினியரிங் என்ற சிறு நிறுவனத்தை ஆரியல் என்ற கம்பெனி வாங்கியிருந்தது. அந்த அறிவைக் கேம்களுக்குக் கொண்டுவந்த தொழில்நுட்பம்தான் ஏ3டி. 1998-இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பு, கேமில் இருக்கும் சுவர்களின் வடிவத்தையே சவுண்ட் கார்டுக்குச் சொல்லிவிடும். எந்தச் சுவரில் பட்டு எப்படித் திரும்பும் என்று அதை வைத்துக் கணக்கிடப்படும். ஹாஃப்-லைஃப் கேமை அந்தக் கார்டோடு ஆடியவர்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டே அறையின் அளவு தெரிந்தது. கிரியேட்டிவ் நிறுவனம் இ.ஏ.எக்ஸ். என்ற தன்னுடைய எதிரொலி முறையோடு போட்டிக்கு வந்தது. வழக்கும் போட்டது. 1999 டிசம்பரில் வழக்கில் ஆரியல் வென்றது. ஆனால் வழக்குச் செலவோடு தொழிலையும் நடத்த முடியாமல் அடுத்த ஆண்டே திவாலானது. அதன் சொத்துகளைக் கிரியேட்டிவே வாங்கிக்கொண்டது. கேம் ஒலியின் வரலாற்றில் என் மனம் ஆறாத இடம் இது. நல்ல வழி ஒன்று திறந்து, நடக்க ஆளில்லாமல் பல வருடம் புதர் மண்டிக் கிடந்தது.

அந்தக் காலத்துக்கும் ஒரு தோராயக் கணக்குப் போடலாம். 32 சத்தங்கள், நொடிக்கு 44,100 எண்கள், ஓர் எண்ணுக்கு 50 துடிப்புகள். பெருக்கினால் சுமார் ஏழு கோடி. 300 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 2-க்கு இது அதன் மொத்த உழைப்பில் கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவு. இதை ஒரு கார்டு வாங்கிக்கொண்டால் கேம் வேகம் பிடிக்காதா? பிடித்தது. 'சவுண்ட் கார்டு போட்டால் ஃப்ரேம் ஏறும்' என்ற வாக்கு பிறந்தது இந்த அனுபவத்தில்தான். சொன்னவர்கள் கண்ணால் கண்டதைச் சொன்னார்கள்.

2005-இல் கிரியேட்டிவ் வெளியிட்ட எக்ஸ்-ஃபை சிப்பில் 5.1 கோடி டிரான்சிஸ்டர்கள். மூன்று வருடம் முன்பு வந்த பென்டியம் 4 பிராசசர் ஒன்றில் இருந்தவை 5.5 கோடி. ஒலிக்கு மட்டுமாக ஏறக்குறைய ஒரு முழு பிராசசரையே கட்டியிருந்தார்கள். 128 சத்தங்களைத் தனியாகக் கையாளும். சில மாடல்களில் ஒலிக்கென்றே 64 எம்.பி. நினைவகமும் உண்டு. சவுண்ட் கார்டின் பொற்காலம் அதுதான். அதே ஆண்டில்தான் இரட்டை கோர் பிராசசர்கள் வீட்டுக் கணினிகளுக்குள் நுழைந்தன. ஒரு கோர் படத்தைக் கவனிக்கும்போது இன்னொரு கோர் கையைக் கட்டிக்கொண்டு நின்றது. ஒலியை அதனிடம் கொடுத்தால் என்ன?

அடுத்த அடியை மைக்ரோசாஃப்ட் கொடுத்தது. அதுவரை கேம்கள் டைரக்ட்சவுண்ட் என்ற வழியாகச் சவுண்ட் கார்டின் சிப்போடு நேரடியாகப் பேசி வேலை வாங்கின. 2007 தொடக்கத்தில் கடைகளுக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவில் அந்த நேரடி வழி அடைக்கப்பட்டது. காரணம் நியாயமானதே. ஒலி டிரைவர்கள் இயங்குதளத்தின் அடிவயிற்றில் உட்கார்ந்திருந்ததால், அதில் ஒரு பிழை வந்தால் கணினியே நீலத் திரையோடு விழுந்தது. ஆகவே ஒலியின் பெரும்பகுதியை மேல்தளத்துக்கு மாற்றி, மிக்ஸிங்கை மென்பொருளிடம் கொடுத்துவிட்டார்கள். பழைய கேம்களைக் காப்பாற்ற ஆல்கெமி என்ற மாற்று ஏற்பாட்டைக் கிரியேட்டிவ் செய்தது. ஆனால் புதிய கேம்களை எழுதியவர்கள் எல்லா ஒலிக் கணக்கையும் பிராசசரிலேயே போடப் பழகிவிட்டார்கள். கார்டு இருக்கிறவருக்கு ஒரு மாதிரி, இல்லாதவருக்கு ஒரு மாதிரி என்று இரண்டு முறை எழுதும் தொல்லை அவர்களுக்குத் தீர்ந்தது.

இன்றைக்கு நீங்கள் வாங்கும் சவுண்ட் கார்டுக்கு கேம் எதையும் கணக்கிடக் கொடுப்பதில்லை. முழுக்கக் கலந்து முடித்த ஒலிதான் அதன் கைக்கு வருகிறது. அதை மின்சாரமாக்கித் தருவது மட்டுமே அதன் பங்கு. மதர்போர்டில் ஒட்டியிருக்கும் ரியல்டெக் சிப் செய்வதும் இதே வேலைதான். கூடுதலாகச் சில கார்டுகள் தம் சொந்த விளைவுகளை மேலே பூசும். அது கேமின் கணக்கில் சேராது.

பிராசசர் இப்போது எவ்வளவு சுமக்கிறது? தாராளமாகவே கணக்கிடுவோம். 128 சத்தங்கள், நொடிக்கு 48,000 எண்கள், ஓர் எண்ணுக்கு 100 செயல்கள். மொத்தம் சுமார் 61 கோடி. கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் 4.5 கிகாஹெர்ட்ஸில் ஓடும் எட்டு கோர் பிராசசரிடம் நொடிக்கு 3,600 கோடி துடிப்புகள் இருக்கின்றன. ஒரு துடிப்புக்கு ஒரே செயல் என்று வைத்தாலும் ஒலியின் பங்கு இரண்டு சதவீதத்துக்குக் கீழே. உண்மையில் இன்றைய பிராசசர்கள் ஒரே கட்டளையில் எட்டு எண்களைச் சேர்த்துப் பெருக்கக்கூடியவை. அந்த இரண்டு சதவீதமும் இன்னும் பல மடங்கு தேய்ந்துபோகும். அதுவும் தனிக் கோரில், படத்தின் வேலையைத் தொடாமல் நடக்கும்.

இதோடு முடியவில்லை. பெரும்பாலான கேம்களில், தரத்தை உயர்த்தி வைத்து ஆடும்போது, ஃப்ரேம் வேகத்தை நிர்ணயிப்பது கிராஃபிக்ஸ் கார்டு. நொடிக்கு 144 ஃப்ரேம் வேண்டுமானால் ஒவ்வொரு படத்தையும் 6.9 மில்லிநொடிக்குள் அது வரைந்து முடிக்க வேண்டும். அதற்காக பிராசசர் காத்துக்கொண்டு நிற்கிறது. காத்துக்கொண்டிருப்பவரின் சுமையைக் குறைப்பதால் வரைகிறவரின் கை வேகமாகாது.

விதிவிலக்கு ஒன்று உண்டு. சில கணினிகளில் கேம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே அவ்வப்போது ஒரு சொடுக்கு, ஒரு தடுக்கல். ஒலி 'கரகர' என்று உடைந்து மீளும். மோசமாக எழுதப்பட்ட ஏதோ ஒரு டிரைவர் பிராசசரைச் சில மில்லிநொடிகள் பிடித்து வைத்துக்கொள்வது இதன் பொதுவான காரணம். குற்றவாளி ஒலி டிரைவராக இருக்கலாம். வைஃபை டிரைவராகவோ கிராஃபிக்ஸ் டிரைவராகவோ கூட இருக்கலாம். லேட்டன்சிமான் என்ற இலவச மென்பொருள் அது எது என்று காட்டிக்கொடுக்கும். டிரைவரைப் புதுப்பித்தால் தீரும் நோய் இது. இதற்காகப் புதுக் கார்டு வாங்கினால், இன்னொரு டிரைவரைக் கூடுதலாகக் குடியேற்றியதாகத்தான் ஆகும்.

இனி கேம் ஆடுகிறவரின் பக்கம் வருவோம். கணினி வேகமாகாவிட்டாலும், நன்றாகக் காது கேட்டால் ஆட்டம் மேம்படும். இதில் ஐயமே இல்லை. மனிதர்கள் ஒளியைவிட ஒலிக்குச் சீக்கிரம் எதிர்வினை காட்டுகிறவர்கள். எளிய சோதனைகளில் வெளிச்சத்தைக் கண்டு பொத்தானை அழுத்தச் சுமார் 180 முதல் 200 மில்லிநொடி ஆகிறது. சத்தத்தைக் கேட்டு அழுத்த 140 முதல் 160 போதும். முதுகுக்குப் பின்னால் வருகிறவனைக் கண் காட்டாது, காது காட்டும். கவுன்டர்-ஸ்ட்ரைக், வாலரன்ட் ஆடுகிறவர்கள் காலடிச் சத்தத்துக்காக உயிரைக் கொடுப்பது இதனால்தான்.

அந்தக் காலடி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதைக் காது எப்படி அறிகிறது? இங்கிலாந்தின் இயற்பியலாளர் ரேலி பிரபு 1907-லேயே இதன் அடிப்படையை விளக்கிவிட்டார். வலப்பக்கமிருந்து வரும் ஒலி வலக் காதை முதலில் தொடுகிறது. தலையைச் சுற்றிக்கொண்டு இடக் காதை அடைய அதிகபட்சம் 0.65 மில்லிநொடி கூடுதலாகிறது. உயர் அதிர்வெண்களைத் தலையே மறைப்பதால் இடக் காதில் அவை தணிந்தும் கேட்கின்றன. இந்த இரண்டு வேறுபாடுகளிலிருந்து மூளை இட, வலத் திசையைக் கண்டுபிடித்துவிடும். முன்னா பின்னா, மேலா கீழா என்று அறிய வேறொன்று வேண்டும். அது காதுமடலின் மடிப்புகள் செய்கிற வேலை. எந்தக் கோணத்திலிருந்து ஒலி வருகிறதோ அதற்கேற்ப அந்த மடிப்புகள் சில அதிர்வெண்களைத் தூக்கியும் சிலவற்றைத் தாழ்த்தியும் விடுகின்றன. பிறந்தது முதல் கேட்டுப் பழகிய மூளைக்கு அந்த மாற்றமே திசை.

இதை எண்களாக்கி கேமுக்குள் வைத்தால் சாதாரண இரண்டு தட ஹெட்போனிலேயே மேலும் கீழும் முன்னும் பின்னும் பிரிந்து கேட்கும். இந்த முறைக்கு எச்.ஆர்.டி.எஃப். என்று பெயர். கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் 2016-இலும் வாலரன்ட்டில் 2021-இலும் இது வந்தது. ஆரியல் தொடங்கி வைத்த வேலையை இப்போது கேமே, பிராசசரில், எல்லோருக்கும் இலவசமாகச் செய்கிறது. 2020-இல் வந்த பிளேஸ்டேஷன் 5-இல் சோனி ஒலிக்கென்றே டெம்பெஸ்ட் என்ற தனிப் பகுதியை முதன்மைச் சிப்புக்குள்ளேயே வைத்திருக்கிறது. ஒலிக்கான வன்பொருள் மறுபடி பிறந்திருக்கிறது. தனிக் கார்டாக அல்ல, அவ்வளவுதான்.

திசையறிவதற்கு விலையுயர்ந்த டி.ஏ.சி. வேண்டுமா? அந்த 0.65 மில்லிநொடி என்பது 48,000 வீதத்தில் 31 எண்களின் இடைவெளி. மதர்போர்டின் சாதாரணச் சிப்பே இதைத் துல்லியமாகத் தந்துவிடும். 192 கிலோஹெர்ட்ஸ், 32 பிட் என்று பெட்டியில் அச்சடித்திருப்பதால் எதிரியின் திசை இன்னும் கூர்மையாகிவிடாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. கேமில் எச்.ஆர்.டி.எஃப். இயங்கும்போது, சவுண்ட் கார்டின் மென்பொருளிலோ ஹெட்செட்டிலோ இருக்கும் '7.1 சரவுண்ட்' வசதியை அணைத்துவிடுங்கள். ஏற்கெனவே திசை ஏற்றப்பட்ட ஒலிக்கு மறுபடி திசை ஏற்றினால் இரண்டும் குழம்பி, முன்னால் வருகிறவன் எங்கிருந்தோ வருவது போலக் கேட்கும். காசு கொடுத்து வாங்கிய வசதி ஆட்டத்தைக் கெடுக்கும் இடம் இது.

மெல்லிய காலடியைத் தூக்கிக் காட்டுவதாகச் சில கார்டுகள் விளம்பரம் செய்கின்றன. சவுண்ட் பிளாஸ்டரின் 'ஸ்கவுட் மோட்' அப்படிப்பட்டது. தாழ்ந்த ஒலியை உயர்த்துவது, உரத்த ஒலியை அடக்குவது என்ற இந்த வகை வேலையை விண்டோஸில் பல ரியல்டெக் டிரைவர்களோடு வரும் 'லவுட்னெஸ் ஈக்வலைசேஷன்' இலவசமாகவே செய்கிறது. காலடி தெளிவாகும். ஆனால் தூரத்துச் சத்தமும் பக்கத்துச் சத்தமும் ஒரே அளவில் கேட்பதால் தூரம் கணிப்பது கடினமாகும். என்னைக் கேட்டால் தூரம் தெரிவதே முக்கியம்.

அப்படியானால் தனிக் கார்டினால் எந்தப் பயனும் இல்லையா? ஓரிடத்தில் உண்டு. எண்ணை மின்சாரமாக்கும் அந்தக் கடைசிக் கட்டத்தில். கேபினெட்டின் உள்ளே ஒலிக்கு நல்ல அயல் கிடையாது. ஆர்.டி.எக்ஸ். 4090 போன்ற கிராஃபிக்ஸ் கார்டு 450 வாட் வரை இழுக்கிறது. அதுவும் ஒரே சீராக இல்லாமல், நொடிக்குப் பல்லாயிரம் முறை ஏறி இறங்கி. அந்த ஏற்ற இறக்கம் தரைக் கம்பி வழியாகவும் மின்காந்த அலையாகவும் ஒலிச் சுற்றுக்குள் கசியும். கேமின் மெனு திறந்ததும் ஹெட்போனில் 'கீ' என்று ஒரு மெல்லிய ஊளை. மவுஸை நகர்த்தினால் அதன் சுருதி மாறும். இப்படிக் கேட்டால் உங்கள் மதர்போர்டின் ஒலிப் பகுதி பலவீனமானது என்று அர்த்தம்.

அப்போதும் உடனே கடைக்கு ஓட வேண்டாம். கேபினெட்டின் முன்பக்க ஜாக்கிலிருந்து ஹெட்போனைப் பிடுங்கி, பின்பக்கத்தில் மதர்போர்டிலேயே இருக்கும் பச்சை ஜாக்கில் செருகிப் பாருங்கள். முன்பக்க ஜாக்குக்குப் போகும் ஒயர் கேபினெட்டை முழுக்கக் கடந்து போகிறது. வழியில் எல்லா இரைச்சலையும் பொறுக்கிக்கொள்கிறது. பல நேரம் இந்த ஒரு மாற்றமே போதும். சுவர் பிளக்கில் எர்த் சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். மூன்று முள் பிளக்கை இரண்டு முள்ளாக்கி மாட்டியிருக்கும் வீடுகளில் 'ம்ம்ம்' என்ற ரீங்காரத்துக்கு அதுவே காரணமாக இருக்கும். ஹெட்போனைக் கழற்றிய பிறகும் ஊளை கேட்டால் அது கிராஃபிக்ஸ் கார்டின் காயில்கள் அதிர்வதால் வருவது. எந்தச் சவுண்ட் கார்டும் அதைத் தீர்க்காது.

இவையெல்லாம் பார்த்தும் இரைச்சல் போகவில்லை என்றால், கேபினெட்டுக்கு வெளியே இருக்கும் ஒரு சிறு யூ.எஸ்.பி. டி.ஏ.சி. வாங்குவது, உள்ளே செருகும் கார்டைவிடப் புத்திசாலித்தனம். ஒலிச் சுற்றை இரைச்சலிலிருந்து வெளியே கொண்டுவந்துவிடலாம். மூன்று ஸ்லாட் அகலமுள்ள கிராஃபிக்ஸ் கார்டின் காற்றோட்டத்தை அடைக்கும் இன்னொரு கார்டும் இருக்காது. 250 ஓம், 300 ஓம் மின்தடையுள்ள ஸ்டூடியோ ஹெட்போன் வைத்திருக்கிறவர்களுக்கும் இது உதவும். அவற்றுக்கு அதிக வோல்ட் தேவை. சில மதர்போர்டுகளில் சத்தம் போதாமல் நிற்கும். சந்தையில் கிடைக்கும் கேமிங் ஹெட்செட்கள் பெரும்பாலும் 16 முதல் 64 ஓம்தான். அவற்றுக்கு எந்த மதர்போர்டும் போதும்.

இரைச்சல் அளவைப் பற்றிய விளம்பர எண்களுக்கும் ஒரு வார்த்தை. மதர்போர்டுச் சிப் 95 டெசிபெல், கார்டு 120 டெசிபெல் என்று போட்டிருப்பார்கள். ஹெட்போனில் மிக உரத்த வெடிச் சத்தத்தை 100 டெசிபெல்லில் கேட்கிறீர்கள் என்று வைப்போம். அப்போது 95 டெசிபெல் சிப்பின் சொந்த இரைச்சல் 5 டெசிபெல்லில் இருக்கும். ஃபேன் ஓடும் அறையின் இரைச்சலே 35, 40 டெசிபெல். அந்த 5 டெசிபெல்லை எந்தக் காதும் பிரித்தறியாது. நாள் முழுக்க அவ்வளவு சத்தமாகக் கேட்கவும் கூடாது. வாரத்துக்கு 40 மணி நேரம் என்றால் 80 டெசிபெல்லைத் தாண்டாதீர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கேம் ஆடும் பிள்ளைகளின் பெற்றோர் சவுண்ட் கார்டு விலையைவிட இந்த எண்ணைக் கவனிப்பது நல்லது.

கடைசியாக, நம்மில் பலருக்குத் தெரியாமலே போகும் ஒரு விஷயம். யூ.எஸ்.பி. ஹெட்செட்டுக்குள் அதன் சொந்த டி.ஏ.சி. இருக்கிறது. அதை மாட்டிய நொடியே நீங்கள் வாங்கிய சவுண்ட் கார்டு வேலையிழந்துவிடும். ஒலி அதைத் தொடாமலே போகும். டாங்கிள் வைத்த வயர்லெஸ் ஹெட்செட், ப்ளூடூத், எச்.டி.எம்.ஐ. வழியாக மானிட்டருக்கோ டிவிக்கோ போகும் ஒலி எல்லாம் இதே கதை. சவுண்ட் கார்டின் ஜாக்கில் ஒயரைச் செருகிக் கேட்டால் மட்டுமே அதற்கு வேலை. சாதாரண ப்ளூடூத் ஹெட்போனில் ஒலி 150, 200 மில்லிநொடி பிந்தி வருவதும் உண்டு. ஒலிக்கு நம் எதிர்வினை எவ்வளவு விரைவு என்று மேலே பார்த்தோமே, அந்த லாபத்தை முழுக்கத் தின்றுவிடும் தாமதம் இது. போட்டியாக ஆடுகிறவர் முதலில் விட வேண்டியது ப்ளூடூத்தை.

இவ்வளவுக்குப் பிறகும் மனம் கேட்காதவர்கள் கார்டு வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யலாம். பெஞ்ச்மார்க் வசதியுள்ள ஒரு கேமை எடுங்கள். ஒரு முறை வழக்கம்போல ஓட்டி ஃப்ரேம் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் ஒலிக் கருவிகள் அனைத்தையும் முடக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். ஒலியை அறவே எடுத்துவிட்டும் எண் ஏறவில்லை என்றால், எந்தச் சவுண்ட் கார்டாலும் ஏறாது. மிஞ்சிய பணத்துக்கு ஒயர் வைத்த நல்ல ஹெட்போன் ஒன்றும் தெளிவான மைக் ஒன்றும் வாங்குங்கள். ஃப்ரேம்தான் வேண்டும் என்றால் அந்தத் தொகையைக் கிராஃபிக்ஸ் கார்டில் சேர்த்து, அடுத்த மாடலை எடுங்கள்.